மீனுக்கு முன் நீர்

உரைநடை

நுழையும் முன்

நீர்வாழ் செடிகளும் சிறு மீன்களும் சேர்ந்து வாழும் கண்ணாடித் தொட்டி, வீட்டுக்குள் அமைந்த ஒரு சிறு குளம். குளத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும்; தொட்டியை அதனை அமைத்தவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு குளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் வேலை எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மீன்கள் ஏன் இறக்கின்றன?

வண்ணமீன் கடைக்குச் செல்லும் குடும்பத்தினர் பெரும்பாலும் தொட்டி, கூழாங்கல், பத்து மீன்கள் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் வாங்கி வருகின்றனர். அன்று மாலையே தொட்டியில் நீர் நிறைகிறது, மீன்கள் நீந்துகின்றன. முதல் மூன்று நாள்கள் வீடே தொட்டியின் முன் கூடியிருக்கிறது. நான்காம் நாள் ஒரு மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மறுநாள் காலையில் அது மிதக்கிறது. அடுத்து இன்னொன்று. இரண்டு வாரங்களில் தொட்டி வெறுமையாகிறது. “நம் வீட்டுக்கு மீன் ராசி இல்லை” என்று கூறி, தொட்டியை மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்துவிடுகின்றனர்.

இதில் ராசிக்கு இடமில்லை. நீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தெளிந்த நீர் வேறு. உயிரைத் தாங்கும் நீர் வேறு. புதிய தொட்டியில் மீன்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் நோயோ பசியோ காரணமன்று. அவற்றின் கழிவே அவற்றுக்கு நஞ்சாகிறது.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகள்

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாமல் விட்ட உணவும் அழுகிய இலையும் அம்மோனியாவைத் தருகின்றன. அது நீரில் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. எனினும் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அது மீனின் செவுளைப் புண்ணாக்கும்.

குளத்தில் மட்டும் மீன்கள் எவ்வாறு வாழ்கின்றன? குளத்தில் நீர் மிகுதி. அதனோடு, அம்மோனியாவை மாற்றியமைக்கும் நுண்ணுயிரிகள் சேற்றிலும் கல்லிலும் இலையிலும் குடியிருக்கின்றன. ஒரு வகை நுண்ணுயிரி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, அது மீனின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். மற்றொரு வகை நுண்ணுயிரி அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. செடிகள் அதனை உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. இவ்வாறு மீனின் கழிவு செடிக்கு உணவாகிறது. மண்ணில் இத்தகைய நுண்ணுயிரிகள் செய்யும் வேலையை 1890ஆம் ஆண்டளவில் விளக்கிக் காட்டியவர் செர்கேய் வினோகிராத்ஸ்கி என்னும் அறிவியலறிஞர்.

புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிரிகள் மிகச் சிலவே இருக்கும். அவை மணலிலும் இலையிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு மெல்லப் பெருகும். போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடையிலிருந்து மீனை ஒரே நாளில் கொண்டுவரலாம். இந்த ஆறு வாரங்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

இலண்டனில் வாழ்ந்த வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன், ஒரு தொட்டியில் பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடாப் புல்லையும் வளர்த்தார். செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவற்றைத் தின்னும் நத்தைகளை விட்டதும் நீர் தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர் 1850ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார்.

தொட்டியை அமைத்தல்

தொடக்கநிலையினர் மிகச் சிறிய தொட்டி எளிதென்று எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறைந்தால் நஞ்சு விரைவில் செறியும். வெப்பமும் விரைவில் ஏறி இறங்கும். ஆதலால் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மீனுக்கு ஏற்றதன்று. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி தொடக்கத்திற்குப் பொருந்தும். அதன் கொள்ளளவு 54,000 கன செ.மீ.; அதாவது 54 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. மணலும் கண்ணாடியும் சேர, நிறைந்த தொட்டியின் எடை 60 கிலோவைத் தாண்டும். எனவே ஆடாத, சமமான, உறுதியான மேசை வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு தெர்மோகோல் தகட்டை விரிக்க வேண்டும். நேரடி வெயில் படும் சன்னலோரத்தைத் தவிர்க்க வேண்டும். வெயில் பட்டால் கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி படரும்.

அடியில் உரம் கலவாத தோட்டமண்ணைச் சலித்து 2 செ.மீ. உயரத்திற்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் நன்றாகக் கழுவிய பருமணலை 3 செ.மீ. உயரத்திற்கு இட வேண்டும். மண் செடிக்கு ஊட்டம் தரும். மணல் அந்த மண் நீரில் கலங்காமல் காக்கும். கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள சிப்பித் தூள் நீரைக் கடினமாக்கும். மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மீது மெல்ல நீர் ஊற்றினால் மணல் கலையாது.

நகரக் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது நல்ல நுண்ணுயிரிகளையும் கொல்லும். மீனின் செவுளுக்கும் ஆகாது. நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியையும் பயன்படுத்தலாம்.

காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி இத்தொட்டிக்குப் போதும். விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். பகலில் செடிகள் உயிர்வளியை வெளியிடும். இரவில் அவையும் மீன்களைப் போலவே உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். ஆதலால் விடியற்காலையில்தான் நீரில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். பம்பை இரவில் நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

இடம் மாறிய செடிகள்

செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நட வேண்டும். உயரமாக வளரும் வாலிஸ்னேரியாவைப் பின்புறமும், குட்டையான கிரிப்டோகொரைனை நடுவிலும் நடலாம். விரைந்து வளரும் ஹைட்ரில்லா போன்ற செடிகள் அம்மோனியாவையே நேரடியாக உறிஞ்சும். தொடக்க வாரங்களில் அவை பெருந்துணை. ஜாவா பெரணியின் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். அதனைக் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும்.

இவற்றுள் சில, தமிழர் நெடுங்காலமாக அறிந்த செடிகளின் உறவுகள். நீர் வற்றினாலும் குளத்தைவிட்டு நீங்காதவை என்று ஔவையார் மூதுரையில் கூறும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவற்றுள் கொட்டியின் இனத்தைச் சேர்ந்தவை அபோனோஜெட்டான் செடிகள். வண்ணமீன் கடைகளில் அவை இன்று கிழங்குகளாக விற்கப்படுகின்றன. மீன்தொட்டிகளில் பெரிதும் விரும்பி வளர்க்கப்படும் கிரிப்டோகொரைன் வகை ஒன்றின் தாயகம் இலங்கையின் ஓடைகள்.

கிரிப்டோகொரைனுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. இடம் மாற்றி நட்ட சில நாள்களில் அதன் இலைகள் கூழாகிக் கரைந்து உதிர்ந்துவிடும். செடி இறந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கி எறிபவர் பலர். ஆனால் மணலுக்குள் வேர் உயிருடன் இருக்கும். உதிர்ந்த இலைகளை மட்டும் அகற்றிவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், சில வாரங்களில் புதிய நீருக்கு ஏற்ற புதிய இலைகள் துளிர்க்கும். அதன்பின் அச்செடி அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிலைத்து வாழும்.

காத்திருக்கும் காலம்

செடி நட்டபின் தொட்டியில் மீன் விடக் கூடாது. ஒரு சிட்டிகை மீன் உணவை இரண்டு நாளைக்கு ஒருமுறை இட்டு வர வேண்டும். அது அழுகி அம்மோனியாவைத் தரும். அதனை உண்டு நுண்ணுயிரிகள் பெருகும். நீர்ச் சோதனைப் பெட்டியைக் கொண்டு வாரத்திற்கு இருமுறை நீரைச் சோதித்து, அளவைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பின்னர் நைட்ரைட்டு ஏறி இறங்கும். இரண்டும் சுழியாகி, அவ்வாறே ஒரு வாரம் நீடித்தால் தொட்டி பக்குவமடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த ஆறு வாரங்களும் வீணான காலம் அல்ல. நத்தைக்குஞ்சு ஒன்று கண்ணாடியில் ஊர்வதும், செடியின் பக்கத்தில் புதுக்கன்று தோன்றுவதும், கலங்கிய நீர் தானே தெளிவதும் இக்காலத்தில்தான் நிகழும். பார்க்கப் பழகியவர்களுக்கு மீனில்லாத தொட்டியும் வெறுந்தொட்டி அன்று.

ஊருக்கு ஏற்ற மீன்

மீனின் நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பொன்மீன் அழகானது, ஆனால் 20 செ.மீ. அளவுக்கும் வளரும், கழிவும் மிகுதி. இச்சிறு தொட்டி அதற்குச் சிறையாகும்.

ஊர் மாறினால் நீரும் மாறும். நீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்கினால் அவ்வூர் நீர் கடினநீர். கப்பி மீன் கடினநீரில் நன்கு வாழும். தேன் கௌராமி மென்னீரை விரும்பும். வடமாநிலக் குளிர்காலத்தில் அறைக்குள்ளும் நீர் மிகவும் குளிர்ந்துவிடும். கப்பி, தேன் கௌராமி போன்றவற்றுக்கு அப்போது வெப்பமூட்டி தேவை. லிட்டருக்கு ஒரு வாட் என்னும் கணக்கில் 50 வாட் கருவி போதும். வரிக்குதிரை மீன் ஓரளவு குளிரைத் தாங்கும்.

மீனைக் கொண்டுவந்ததும் பையைத் தொட்டி நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, இறுதியில் மீனை மட்டும் வலையால் எடுத்துவிட வேண்டும். முதலில் ஆறு மீன்கள் போதும். வரிக்குதிரை மீன் கூட்டமாக வாழ்வது. அதனைத் தனியே விட்டால் அஞ்சி ஒடுங்கும்.

தெரிந்து தெளிவோம்

வரிக்குதிரை மீனின் தாயகம் இந்தியத் துணைக்கண்டத்தின் ஓடைகளும் வயல்நீரும் ஆகும். பிரான்சிசு ஆமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். அதன் முட்டையும் குஞ்சும் ஒளி ஊடுருவும்படி இருப்பதால், உறுப்புகள் வளர்வதை நேரில் காண இயலும். ஆதலால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது வளர்க்கப்படுகிறது.

பேணும் முறை

நாள்தோறும்: இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. மீன்கள் அனைத்தும் நலமாக நீந்துகின்றனவா என்று எண்ணிப் பார்க்க. மீன்கள் இரப்பதுபோல மேலே வருவது இயல்பு. அதற்காக மீண்டும் மீண்டும் உணவிடற்க.

வாரந்தோறும்: நான்கில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய புதுநீரை ஊற்றுக. தொட்டிக்குள் கைவிடும் முன் வெப்பமூட்டி, விளக்கு ஆகியவற்றின் மின்னிணைப்பைத் துண்டிக்க. ஒரு நாள் உணவிடாமல் விடுக.

மாதந்தோறும்: வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து கழுவுக. மிகுதியாக வளர்ந்த செடிகளைக் கத்தரிக்க.

இவற்றுள் பஞ்சைக் கழுவும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். பஞ்சைக் குழாய்நீரில் பளிச்சென்று கழுவினால் அழுக்கோடு நுண்ணுயிரிகளும் போய்விடும். அடுத்த சில நாள்களில் மீன்கள் மீண்டும் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறக்கும். சற்றே பழுப்பாக இருக்கும் பஞ்சுதான் உயிருள்ள பஞ்சு.

மின்தடை நீண்டால், ஒரு குவளையில் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் நீரில் காற்று கலக்கும். அந்நேரத்தில் உணவிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஊர் மாறும்போது

பணிமாற்றம் காரணமாகக் குடும்பம் வேறு ஊருக்குச் செல்லும்போது, “தொட்டியை என்ன செய்வது?” என்னும் கேள்வி எழும். அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றிலோ மீனை விட்டுவிடுவது இரக்கச் செயல் போலத் தோன்றும். அது பெருந்தீங்கு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன், தொட்டிகளிலிருந்து வெளியேறித் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை ஏரிகளை மூடிக் கிடப்பதைப் பல ஊர்களில் காணலாம். உடன்கொண்டு செல்ல இயலாத மீன்களை நண்பரிடமோ பள்ளியிலோ கடையிலோ ஒப்படைப்பதே முறை.

கொண்டுசெல்ல விரும்பினால் அதற்கும் வழி உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள் மீன்களுக்கு உணவிடக் கூடாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரும் இரண்டு பங்கு காற்றும் இருக்கும்படி கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைக்க வேண்டும். செடிகளை ஈரத்துணியில் சுற்ற வேண்டும். நீர் நிறைந்த தொட்டியை நகர்த்தக் கூடாது. கண்ணாடி விரிசல் விடும்.

எல்லாவற்றினும் கருத்தாகக் காக்க வேண்டியது வடிகட்டிப் பஞ்சு. அதனைத் தொட்டி நீரில் நனைந்தபடியே, காற்றுப் புகும் பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டும். அது காய்ந்தால் அதிலுள்ள உயிர்கள் மடியும். புதிய ஊரில் நீர் வேறு, குளிர் வேறு, வெயில் வேறு. ஆயினும் அந்த ஈரப்பஞ்சைத் தொட்டியில் வைத்ததும் பழைய நுண்ணுயிரிகள் புதிய நீரில் வேலையைத் தொடங்கும். ஆறு வாரக் காத்திருப்பு பெரிதும் குறையும்.

சொல்லும் பொருளும்

செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
உயிர்வளி – ஆக்சிஜன்
நுண்ணுயிரி – கண்ணுக்குப் புலப்படாத உயிர்
பருமணல் – பெரிய துகள்களைக் கொண்ட மணல்
சுழி – பூச்சியம்
மொள்ளுதல் – முகந்து எடுத்தல்
இடற்க – இடாதிருக்க

கற்கண்டு: அத்துச் சாரியை

‘குளம்’ என்னும் சொல்லோடு ‘இல்’ என்னும் வேற்றுமை உருபு சேரும்போது ‘குளமில்’ என்று வருவதில்லை; ‘குளத்தில்’ என்று வருகிறது. மகர மெய்யில் முடியும் பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது, இறுதி ‘ம்’ கெட்டு, ‘அத்து’ என்னும் சாரியை இடையில் வரும்.

குளம் + அத்து + இல் = குளத்தில்
நிறம் + அத்து + ஐ = நிறத்தை
வாரம் + அத்து + இன் + கு = வாரத்திற்கு

வீட்டில் ‘குளத்துல’, ‘வாரத்துக்கு’ என்று பேசும்போதும் இச்சாரியை வருவதைக் காண்க.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. செடிகள் உரமாக உறிஞ்சிக்கொள்வது ______.
(குளோரின் / நைட்ரேட்டு / சிப்பித் தூள்)

2. நீரில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும் வேளை ______.
(நண்பகல் / மாலை / விடியற்காலை)

3. மூதுரை குறிப்பிடும் நீர்ச்செடி ______.
(கொட்டி / ஹைட்ரில்லா / ஜாவா பெரணி)

ஆ. சேர்த்து எழுதுக.

1. இடம் + ஐ
2. மாதம் + இல்
3. வெப்பம் + ஆல்
4. மரம் + கு

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. கடற்கரை மணலைத் தொட்டியில் ஏன் இடக் கூடாது?
2. வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் என்ன நேரும்?
3. இலைகள் உதிர்ந்த கிரிப்டோகொரைனை ஏன் பிடுங்கக் கூடாது?

ஈ. விரிவாக விடை தருக.

1. மீனின் கழிவு செடிக்கு உணவாகும் முறையைப் படிநிலைகளாக விளக்குக.
2. “தெளிந்த நீர் வேறு, உயிரைத் தாங்கும் நீர் வேறு.” இத்தொடரின் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

உ. கணக்கிட்டு எழுதுக.

45 லிட்டர் நீருள்ள தொட்டியில் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற எத்தனை லிட்டர் புதுநீர் வேண்டும்? விடையைத் தமிழ் எண்ணுப்பெயரில் முழுத்தொடராக எழுதுக.

ஊ. சிந்தித்து விடை தருக.

பணிமாற்றம் பெற்ற குடும்பம் ஒன்று மீனையும் செடியையும் பிறரிடம் கொடுத்துவிட்டு, ஈரப்பஞ்சை மட்டும் உடன் கொண்டுசெல்கிறது. அது சரியான முடிவா? காரணம் கூறுக.

கற்பவை கற்றபின்

1. குளம், ஏரி, கண்மாய், ஊருணி, கேணி, சுனை ஆகியவற்றுள் எவை சொந்த ஊரில் உள்ளன என்று தாத்தா, பாட்டி அல்லது வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுக.
2. அயிரை, கெண்டை, விரால், குறவை ஆகிய மீன்களை அவர்கள் கண்டதுண்டா? கண்டிருந்தால், அவர்கள் கூறியதை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.
3. இப்போது வாழும் ஊரின் குழாய்நீர் கடினநீரா, மென்னீரா என்று வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்து அறிந்து, காரணத்துடன் எழுதுக.